இருவழி ரெப்ளிகேஷன்: ஒரு ரெக்கார்டுக்குச் சொந்தக்காரர் யார்?

சென்னையில் தலைமை அலுவலகம், கோவையிலும் மதுரையிலும் கிளைகள் என்று ஒரு மருந்து மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் சென்னையில் மட்டும் இருந்தால், கேபிள் அறுந்த அன்று கோவையில் பில் போட முடியாது. கிளைக்கு ஒரு டேட்டாபேஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் எழுத விட்டு, மாற்றங்களை ஒன்றுக்கொன்று பரிமாறச் செய்தால் லைன் போனாலும் வியாபாரம் ஓடும். இதைத்தான் இருவழி ரெப்ளிகேஷன் என்கிறோம். மாற்றங்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை இன்றைய மென்பொருள்கள் ஒழுங்காகவே செய்கின்றன. ஒரே ரெக்கார்டை (டேபிளின் ஒரு வரியை) இரண்டு ஊரில் ஒரே சமயத்தில் திருத்தினால் எது நிற்கும் என்பதில்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. டேபிள் வடிவமைக்கும்போதே அதற்குப் பதில் எழுதி வைக்காவிட்டால், டேட்டாபேஸ் தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடும். அந்தப் பதில் யாருடைய கணக்குக்கும் ஒத்துவராது.

எல்லா ஊரும் சம்மதித்த பிறகே கமிட் செய்தால், அதாவது மாற்றத்தை உறுதியாக்கினால் என்ன? செய்யலாம். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும், 1000 கி.மீ. போய்த் திரும்ப 10 மில்லி செகண்டு. ஒரு பில்லுக்கு இது பெரிய தாமதமே இல்லை. கூகுளின் ஸ்பேனர், காக்ரோச்டிபி, யூகாபைட் போன்ற டேட்டாபேஸ்கள் எல்லாம் பெரும்பான்மை இடங்களின் சம்மதம் வாங்கித்தான் எழுதுகின்றன. ஆனால் லைன் போனால், சிறுபான்மைப் பக்கம் தனித்து நிற்கும் கிளை எதையும் எழுத முடியாமல் நின்றுவிடும். கிளை தனியாக இருந்தாலும் பில் போட்டாக வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை என்றால், முதலில் எழுதிவிட்டுப் பிறகு பரிமாறும் முறையைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிபந்தனை உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே இடத்தில் எழுதி மற்ற இடங்களில் படிக்க மட்டும் நகல் வைப்பது எவ்வளவோ நிம்மதி.

சிக்கல் புதிதில்லை. ஜிம் கிரே, பேட் ஹெலண்ட், பேட்ரிக் ஓ'நீல், டென்னிஸ் ஷாஷா ஆகிய டேட்டாபேஸ் ஆய்வாளர்கள் நால்வரும் 1996லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எங்கிருந்தும் எதையும் திருத்தலாம் என்று விட்டால், இடங்கள் 10 மடங்கு ஆகும்போது மோதல்கள் 1000 மடங்கு ஆகும். இரண்டு சர்வரை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது, கிளைகள் கூடக்கூடத் தடுமாறுவதன் காரணம் இந்தக் கணக்குதான்.

பிரிந்துபோன நகல்களை மறுபடி ஒன்றாக்குவது என்ன பாடு என்பதற்கு, புரோகிராமர்கள் கோடு சேமிக்கும் கிட்ஹப் தளமே வெளியிட்ட ஒரு விவரம் இருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதன் நெட்வொர்க் இணைப்பு 43 செகண்டு அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு எழுதும் பொறுப்பை மேற்குக் கரை சர்வர்களுக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத சில செகண்டு மாற்றங்கள் ஒரு பக்கம், மேற்கில் அதன் பிறகு எழுதப்பட்டவை மறுபக்கம். மிகவும் மும்முரமான கிளஸ்டர்களில் (சர்வர் கூட்டங்களில்) ஒன்றில் அப்படிச் சிக்கியவை 954 மாற்றங்கள்தான். ஆனால் சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. இத்தனைக்கும் அவர்கள் இருவழியில் எழுத விடவே இல்லை. ஒரே முதன்மை சர்வர் வைத்திருந்தவர்கள். நாம் வேண்டுமென்றே இரண்டு பக்கமும் எழுத விடப்போகிறோம்.

விலைகள் இடம் மாறும் கதை

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்தே பார்ப்போம். மற்ற டேட்டாபேஸ்களிலும் தத்துவம் இதேதான். இதில் மாற்றங்களை ரெக்கார்டு வாரியாக அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் 2017இல் 10ஆம் பதிப்போடு உள்ளேயே வந்துவிட்டது. அனுப்பும் பக்கம் பப்ளிகேஷன், வாங்கும் பக்கம் சப்ஸ்கிரிப்ஷன். இரண்டு பக்கமும் இரண்டையும் வைத்தால் ஒரு வட்டம் உண்டாகும்: கோவை எழுதியது சென்னைக்கு வரும், சென்னை அதைத் தன் மாற்றப் பதிவேட்டில் எழுதும், அங்கிருந்து அது மறுபடி கோவைக்கே போகும். 2023இல் வந்த 16ஆம் பதிப்பு இதற்கு ஒரு வழி கொடுத்தது. சப்ஸ்கிரிப்ஷனில் 'ஒரிஜின்' என்ற அமைப்பை 'நன்' என்று வைத்தால், அனுப்பும் சர்வர் தன்னிடமே நேரடியாக எழுதப்பட்டதை மட்டும் அனுப்பும். வேறு ஊரிலிருந்து வந்ததைத் திருப்பி அனுப்பாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒட்டிவரும் சர்வர் ஐடி இதே வேலையைச் செய்கிறது.

வட்டம் நின்றுவிட்டது. மோதல் நிற்கவில்லை. ஒரு மருந்தின் விலை 40 ரூபாய். காலை 10 மணிக்குச் சென்னையில் ஒருவர் 42 என்று மாற்றுகிறார். அதே நொடியில் கோவையில் இன்னொருவர் 45 என்று மாற்றுகிறார். சென்னையின் 42 கோவைக்குப் போகிறது, கோவையின் 45 சென்னைக்கு வருகிறது. வந்ததை அப்படியே எழுதுவதுதான் போஸ்ட்கிரெஸின் வழக்கம். முடிவில் சென்னையில் 45, கோவையில் 42. இரண்டு மதிப்பும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்த ரெக்கார்டை அடுத்த முறை யாராவது திருத்தும் வரை இரண்டு ஊரிலும் இரண்டு விலை. 2025இல் வந்த 18ஆம் பதிப்பு 'அப்டேட் ஒரிஜின் டிஃபர்ஸ்' என்று லாகில் ஒரு வரி எழுதும். அதுவும் கமிட் நேரத்தைப் பதியும் 'ட்ராக் கமிட் டைம்ஸ்டாம்ப்' அமைப்பு ஆன் ஆகியிருந்தால்தான். எழுதிவிட்டு மாற்றத்தை எப்படியும் ஏற்றிவிடும்.

வேறு வேறு ஃபீல்டுகளைத் திருத்தினாலும் தப்ப முடியாது. அப்டேட் நடந்தால் மாறிய ஃபீல்டு மட்டும் போகாது. ரெக்கார்டின் புதிய வடிவம் முழுதும் போகும். சென்னையில் ஒரு கடைக்காரரின் போன் எண்ணை மாற்றுகிறார்கள், கோவையில் அவருடைய முகவரியை மாற்றுகிறார்கள். பரிமாற்றம் முடிந்ததும் சென்னையில் புது முகவரியோடு பழைய போன் எண், கோவையில் புது எண்ணோடு பழைய முகவரி.

எண்ணிக்கை வைக்கும் ஃபீல்டுகள் இன்னும் மோசம். இருப்பு 10 பாட்டில். சென்னை 3 விற்று 7 என்று எழுதுகிறது. கோவையும் 3 விற்று 7 என்று எழுதுகிறது. பரிமாறிய பிறகு இரண்டு ஊரிலும் 7. ஒப்பிட்டுப் பார்த்தால் நகல்கள் அச்சாகப் பொருந்தும். உண்மையில் மீதி இருப்பது 4. நகல்கள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே கணக்கு சரி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

"கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார்" என்ற விதியைப் பல கருவிகள் தருகின்றன. விலைகள் இடம் மாறுவதை அது தடுக்கும். 7 என்ற தப்பான இருப்பைத் தடுக்காது. அதோடு, கடைசி எது என்று சொல்வது கடிகாரம். மதுரை சர்வரின் கடிகாரம் 5 நிமிடம் முன்னால் ஓடினால், அந்த 5 நிமிட இடைவெளிக்குள் நடக்கும் மோதல்களில் எல்லாம் மதுரையே ஜெயிக்கும். எல்லா ஊரிலும் நேரத்தை என்டிபி என்ற நேரம் ஒத்திசைக்கும் முறை வழியாக ஒன்றாக வைத்திருப்பதும், வித்தியாசம் அரை செகண்டைத் தாண்டினால் மணி அடிக்க வைப்பதும் கட்டாயம். பயனர் கணக்குகளை வைக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி இதை ஓரளவு யோசித்துச் செய்திருக்கிறது. அங்கே மோதல் வந்தால் முதலில் பார்ப்பது ஒவ்வொரு ஃபீல்டுக்குமான பதிப்பு எண். அது சமமாக இருந்தால்தான் நேரம். அதுவும் சமம் என்றால் எழுதிய சர்வரின் அடையாள எண். கடிகாரம் இரண்டாம் இடத்தில்தான்.

மூன்றாவது ஊர்

இரண்டு ஊர் இருந்தால் 2 சப்ஸ்கிரிப்ஷன். மூன்று என்றால் 6, நான்கு என்றால் 12, ஐந்து என்றால் 20. ஒரிஜின் நன் என்று வைத்தால் ஒருவரிடமிருந்து வந்ததை மற்றவருக்கு அனுப்பாது என்பதால், சென்னையை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதோடு மட்டும் இணைத்தால் கோவையின் பில் மதுரைக்குப் போகவே போகாது. ஆக, ஒவ்வொரு ஊரும் மற்ற எல்லா ஊரோடும் நேரடியாகப் பேச வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாமல் போகிறது. சென்னை ஒரு வாடிக்கையாளரைப் புதிதாகச் சேர்க்கிறது. அது கோவைக்குப் போனதும் கோவை அதில் ஒரு திருத்தம் செய்கிறது. சென்னை–மதுரை லைன் அப்போது மந்தம். கோவை–மதுரை லைன் வேகம். மதுரைக்கு முதலில் வருவது கோவையின் திருத்தம். திருத்த வேண்டிய ரெக்கார்டே அங்கே இல்லை. போஸ்ட்கிரெஸ் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. பிறகுதான் சென்னையின் பழைய வடிவம் வந்து சேர்கிறது. கோவை செய்த திருத்தம் மதுரைக்கு மட்டும் கிடைக்காமலே போய்விடும். ஒவ்வொரு லைனிலும் வரிசை சரியாகவே இருக்கிறது. இரண்டு லைன்களுக்கு இடையே எது முந்தியது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு டேபிளில் குறிப்பிட்டது இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்று பார்க்கும் ஃபாரின் கீயும் இங்கே காவல் காக்காது. வெளியூர் மாற்றங்களை ஏற்றும் அப்ளை ஒர்க்கர் 'ரெப்ளிகா' நிலையில் ஓடுகிறது. சாதாரண ட்ரிகர்கள் (ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் நிரல்கள்) அதற்கு வேலை செய்யாது. ஃபாரின் கீ சோதனையும் உள்ளே ஒரு ட்ரிகர்தான். வாடிக்கையாளர் வருமுன் அவருடைய பில் வந்தால் அதுவும் ஏறிவிடும். பில் ஏறும்போது இருப்புச் சுருக்கத்தைக் கூட்டும் ட்ரிகர் வைத்திருந்தால், வெளியூர் பில்களுக்கு அது ஓடாது. ஓட வேண்டும் என்றால் 'எனேபிள் ஆல்வேஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

சொந்தம் பிரிப்பது

இவ்வளவு மோதலுக்கும் விதி எழுதிக்கொண்டிருப்பதைவிட மோதலே வராதபடி டேபிளை அமைப்பது எளிது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரே ஊர் சொந்தம். அந்த ஊர் மட்டுமே அதை எழுதும். மற்ற ஊர்கள் படிக்கும். பில், ரசீது, இருப்பு அசைவு எல்லாம் அதை உண்டாக்கிய கிளைக்குச் சொந்தம். விலைப் பட்டியலும் மருந்துப் பட்டியலும் சென்னைக்கு மட்டும். கோவைக்கு விலை மாற வேண்டுமானால், கோவை ஒரு 'விலை மாற்றக் கோரிக்கை' ரெக்கார்டு எழுதட்டும். சென்னை அதைப் பார்த்து விலையை மாற்றட்டும்.

ரெக்கார்டின் தனி அடையாளமான பிரைமரி கீயைக் கிளைக் குறியும் எண்ணும் சேர்ந்ததாக வையுங்கள். அப்போது இரண்டு ஊரில் ஒரே எண் பிறந்தாலும் மோதாது. எண் மட்டும்தான் கீ என்று ஏற்கெனவே அமைந்துவிட்டதா? எண்களை வரிசையாகத் தரும் சீக்வென்ஸின் தாவலை 10 என்று வைத்து, சென்னை 1இல், கோவை 2இல், மதுரை 3இல் தொடங்கட்டும். தாவலை 3 என்று வைத்தால் நான்காவது கிளை திறக்கும் அன்று எல்லா ஊரிலும் மாற்ற வேண்டிவரும். சாதாரண இன்டிஜர் சுமார் 214 கோடி வரைதான் போகும்; பத்துப் பத்தாகத் தாவினால் ஊருக்கு 21 கோடி, அதனால் அதைவிடப் பெரிய எண் வகையான பிக்இன்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் எண் இதிலிருந்து வேறு. ஜிஎஸ்டி பில்லின் எண்ணைப் பற்றி 2017ஆம் ஆண்டின் சிஜிஎஸ்டி விதி 46 சொல்வது: 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண், ஒரே தொடராகவோ பல தொடர்களாகவோ இருக்கலாம், நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. பல தொடர்களுக்கு இடம் இருப்பதால் கிளைக்கு ஒரு முன்னொட்டு வைத்துத் தனித் தொடர் ஓட்டலாம். சீக்வென்ஸிலிருந்து இந்த எண்ணை எடுக்காதீர்கள்: ஒரு பில் பாதியில் ரத்தானால் சீக்வென்ஸ் பின்வாங்காது, தொடரில் ஓட்டை விழும். கிளைக்குள் மட்டும் இருக்கும் ஒரு எண்ணி டேபிளை வைத்து, அந்த ரெக்கார்டைப் பூட்டி எண் எடுத்து, அதே ட்ரான்சாக்‌ஷனில் பில்லை எழுதுங்கள். பூட்டு உள்ளூரிலேயே இருப்பதால் தாமதம் தெரியாது. இந்த டேபிளை ரெப்ளிகேஷனில் சேர்க்க வேண்டாம்.

இருப்பு என்பதை ஃபீல்டாக வைக்காமல் அசைவுகளின் கூட்டலாக வையுங்கள். சென்னை "−3", கோவை "−3" என்று ஆளுக்கு ஒரு ரெக்கார்டு சேர்க்கும். 10இலிருந்து கழித்தால் எந்த ஊரில் பார்த்தாலும் 4. கிளைகளுக்கு இடையே சரக்கு மாற்றுவதும் அப்படியே: அனுப்பியதை அனுப்பிய கிளை எழுதும், வாங்கியதை வாங்கிய கிளை எழுதும். காகிதப் பேரேட்டில் கிளைக் கணக்கர்கள் எப்போதும் இப்படித்தான் எழுதி வந்தார்கள்.

எதையும் பிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு: உச்சவரம்பு. ஒரு கடைக்குக் கடன் வரம்பு 1 லட்சம். லைன் அறுந்த நேரத்தில் சென்னையில் 70,000க்கும் கோவையில் 70,000க்கும் கடன் பில் போட்டால் யாரும் தடுக்க முடியாது. பேட்ரிக் ஓ'நீல் 1986இல் முன்வைத்த எஸ்க்ரோ முறை இங்கே கைகொடுக்கும்: வரம்பைச் சென்னைக்கு 50,000, கோவைக்கு 50,000 என்று முன்கூட்டியே பங்கிட்டு வைப்பது. லைன் இருக்கும்போது ஓர் ஊர் தன் பங்கிலிருந்து மற்றதுக்கு விட்டுக்கொடுக்கலாம். பங்கு தீர்ந்து லைனும் இல்லை என்றால் ரொக்க வியாபாரம் மட்டும்.

சொந்தம் என்பது ஆவணத்தில் எழுதி வைக்கும் ஒப்பந்தமாக மட்டும் இருந்தால் நீடிக்காது. 15ஆம் பதிப்பிலிருந்து பப்ளிகேஷனில் ரெக்கார்டுகளை வடிகட்டலாம்: கோவையின் பப்ளிகேஷன் கிளைக் குறி கோவை என்று உள்ளவற்றை மட்டும் அனுப்பட்டும். அப்டேட், டிலீட் போக வேண்டுமானால் வடிகட்டும் ஃபீல்டு ரெப்ளிகா ஐடென்டிட்டியில் (ரெக்கார்டை அடையாளம் காணும் ஃபீல்டுகள், இயல்பாகப் பிரைமரி கீ) இருக்க வேண்டும். கிளைக் குறி ஏற்கெனவே பிரைமரி கீயில் இருப்பதால் கவலை இல்லை. ஒரு எச்சரிக்கை: ரெக்கார்டின் கிளைக் குறியை மாற்றினால் அது வடிகட்டிக்கு வெளியே போகிறது, மற்ற ஊர்களுக்கு அது டிலீட்டாகப் போய்ச் சேரும். சொந்தம் மாற வேண்டுமானால் புது ரெக்கார்டு எழுதுங்கள்.

கூடவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு ட்ரிகர்: கிளைக் குறி இந்த ஊருடையது இல்லையென்றால் எழுதவிடாமல் பிழை காட்டட்டும். வெளியூர் மாற்றங்களுக்கு ட்ரிகர் ஓடாது என்று மேலே பார்த்தோமே, அது இங்கே வசதியாகிறது. உள்ளூர் ஊழியரைத் தடுக்கும், ரெப்ளிகேஷனைத் தடுக்காது.

ஓட வைப்பதும் ஓடிக்கொண்டே இருக்க வைப்பதும்

மூன்று சர்வரிலும் மாற்றப் பதிவேட்டுக்கான 'டபிள்யூஏஎல் லெவல்' என்பதை லாஜிக்கல் என்று மாற்றி, கமிட் நேரப் பதிவையும் ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (வாங்கும் ஊர் எதுவரை வாங்கியது என்ற குறிப்பு) அனுப்பும் ப்ராசஸும் இயல்பாகவே 10 வரை இருக்கும், போதும். லாஜிக்கல் ஒர்க்கர் 4தான், ஊர் கூடினால் உயர்த்த வேண்டும். பிறகு ஓர் இரவு எழுதுவதை நிறுத்தி, சென்னையின் டேட்டாபேஸை முழுதாக டம்ப் எடுத்து மற்ற இரண்டிலும் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு பப்ளிகேஷன்கள், அதற்கும் பிறகு 6 சப்ஸ்கிரிப்ஷன்கள்: ஒரிஜின் நன், 'காப்பி டேட்டா' ஃபால்ஸ் (ஏற்கெனவே உள்ளதை நகலெடுக்க வேண்டாம்). கடைசி சப்ஸ்கிரிப்ஷன் உண்டாகும் வரை யாரும் எழுதக் கூடாது, ஏனென்றால் ஸ்லாட் பிறப்பதற்கு முன் எழுதியது எங்கும் போகாது. சீக்வென்ஸ்கள் ரெப்ளிகேட் ஆவதில்லை. ஊருக்கு ஊர் கையால் அமைக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் விழுவது டிஸ்க். மதுரை லைன் போனால், மதுரை இன்னும் வாங்காத பதிவேட்டைச் சென்னையில் உள்ள ஸ்லாட் அழிக்க விடாது. மணிக்கு 2 ஜிபி என்றால் 36 மணி நேரத்தில் 72 ஜிபி. டிஸ்க் நிரம்பினால் சென்னையே நின்றுவிடும். ஒரு கிளையின் லைன் கோளாறு தலைமையகத்தைச் சாய்த்துவிடும். ஸ்லாட் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்று வரம்பு போடும் வசதி 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் இயல்பாக வரம்பு கிடையாது. வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும், மதுரையை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதைச் செய்யும் முன் மதுரையின் சொந்த ரெக்கார்டுகள் மற்ற ஊர்களுக்கு முழுதாகப் போய்விட்டனவா என்று பாருங்கள். போகாதவை மதுரையில் மட்டுமே இருக்கும்.

எத்தனை நாள் வரை ஓர் ஊர் தொடர்பில்லாமல் இருக்கலாம் என்பதை முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அழித்தவற்றின் அடையாளம் பொதுவாக 180 நாள் வைக்கப்படுகிறது. அதற்கு மேல் அணைந்து கிடந்த சர்வர் திரும்பி வந்தால், எல்லா இடத்திலும் அழித்த கணக்குகள் அதில் இன்னும் உயிரோடு இருக்கும்.

அடுத்தது அப்ளை ஒர்க்கர் சிக்கிக்கொள்வது. ஒரே கீயில் இன்னொரு ரெக்கார்டு வந்தால் ஒர்க்கர் பிழையோடு நின்று, 5 செகண்டுக்கு ஒருமுறை அதையே மறுபடி முயன்றுகொண்டிருக்கும். அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் காத்துக் கிடக்கும், அனுப்பும் ஊரில் டிஸ்க் ஏறிக்கொண்டே போகும். 'ஸ்கிப்' கட்டளை இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அது அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் இல்லை, அந்த ட்ரான்சாக்‌ஷன் முழுவதையும் தாண்டிவிடும். 40 வரிப் பில்லில் ஒன்று மோதினால் 40ம் போகும். தடுக்கும் உள்ளூர் ரெக்கார்டைப் பார்த்து அதைச் சரிசெய்தால் ஒர்க்கர் தானே தொடரும்.

டேபிளின் அமைப்பை மாற்றுவதும் ரெப்ளிகேட் ஆவதில்லை. புது ஃபீல்டு சேர்த்தால் மூன்று ஊரிலும் கையால் சேர்க்க வேண்டும், காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு. சென்னையில் சேர்த்துக் கோவையில் சேர்க்கும் முன் ஒரு பில் விழுந்தால் கோவையின் ஒர்க்கர் நிற்கும். அங்கேயும் ஃபீல்டு வந்ததும் தானே ஓடும், எதுவும் தொலையாது. நீக்குவதில்தான் கவனம் தேவை. கோவை நீக்கும் முன் எழுதியவை வழியில் இருந்தால், அவை அந்த ஃபீல்டோடுதான் சென்னைக்கு வரும். சென்னையில் ஃபீல்டு இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். எழுதுவதை நிறுத்தி, எல்லா ஸ்லாட்டும் காலியான பிறகே நீக்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் இரவுதோறும் ஒப்பிடுவது அவசியம். கீ வரிசையில் 10,000 ரெக்கார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் எம்டி5 தொகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) எடுத்து, மூன்று ஊரின் தொகைகளையும் பொருத்திப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் மாறியவற்றை விட்டுவிடுங்கள். இல்லையேல் வழியில் இருப்பவை எல்லாம் வித்தியாசமாகத் தெரியும். பொருந்தாத கட்டை மட்டும் ரெக்கார்டு ரெக்கார்டாகப் பிரித்துப் பார்த்தால் போதும். எது சரி என்று அப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை: கிளைக் குறி எந்த ஊரோ, அந்த ஊரில் உள்ளதை எடுத்து மற்ற இடங்களில் எழுதுங்கள். காவல் ட்ரிகர் தடுக்காமல் இருக்கவும், எழுதுவது மறுபடி வெளியே போகாமல் இருக்கவும், அதே ரெப்ளிகா நிலையில் ஒரிஜின் குறியோடு எழுத வேண்டும்.